வைகை அணை மீன்குஞ்சும் வடுகபட்டிப் பூண்டும்

ஆடி மாதத்தில் வைகை அணைப் பக்கம் காலை ஆறு மணிக்குப் போனால், காற்று ஆளைத் தள்ளும். மேற்கே மலைக் கணவாய்களில் நுழைந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் துடைத்துக்கொண்டு வரும் காற்று அது. 1959-ல் திறக்கப்பட்ட இந்த அணையின் உயரம் 111 அடி. ஆனால், ஊர்க்காரர்கள் வாயில் எப்போதும் இருக்கும் எண் 71. தண்ணீர் தேக்கும் அளவு அதுதான். சுற்றுலா வருகிறவர்கள் பூங்காவுக்குப் போகிறார்கள். சரக்கு வண்டியில் வருகிறவர்கள் நேராக அரசு மீன் விதைப் பண்ணைக்குப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் பண்ணையில் பேச்சுக் குறைவு, வேலை அதிகம். முந்தைய நாளே தீனி நிறுத்தப்பட்ட குஞ்சுகள் தொட்டியில் காத்திருக்கின்றன. வயிற்றில் இரை இருந்தால் பைக்குள் கழிவு சேர்ந்து, போகும் வழியிலேயே குஞ்சு செத்துவிடும். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் எண்ணிப் போட்ட குஞ்சுகள், மீதி இடம் முழுவதும் ஆக்சிஜன். ரப்பர் வளையம் போட்டு முறுக்கிக் கட்டினால் பை பந்து மாதிரி நிற்கும். கட்லா, ரோகு, மிர்கால் என்று 2,000 விரலிகளை வாங்கி, வைக்கோல் பரப்பிய வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார் உத்தமபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர். அறுபது வயதைத் தாண்டியவர். நெல்லும் வாழையும் போக, 50 சென்ட் குளம் ஒன்று வைத்திருக்கிறார்.

வண்டி தேனியைத் தாண்டி வீரபாண்டிக்கு வரும்போது முல்லைப் பெரியாறு பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. சாலையும் ஆறும் மாறி மாறி நெருங்குவதும் விலகுவதுமாகச் சின்னமனூர், உத்தமபாளையம் வரை கூடவே வரும். இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு உயிர் இந்த ஆறுதான். மேற்கே பாய வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், 1895-ல் இருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் பக்கம் இறங்குகிறது. வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் வைகையில் கலந்து, அணையில் தேங்கி, மதுரைக்குப் போகிறது. குஞ்சுகள் இப்போது அந்தத் தண்ணீருக்கு எதிர்த்திசையில், மேல்நோக்கிப் பயணம் செய்கின்றன.

குளத்தங்கரையில் வண்டி நின்றதும் பையை அவிழ்க்க அவசரப்படவில்லை அவர். பைகளைக் கட்டியபடியே குளத்து நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டார். உள்ளே இருக்கும் நீரின் சூடும் வெளியே இருக்கும் நீரின் சூடும் சமமாக வேண்டும். பிறகு வாயைத் திறந்து, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியே போயின. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் திராட்சை. இவருக்கு மாப்பிள்ளை முறை.

“போன வருசம் பட்டது பத்தாதா மாமா, மறுபடியும் ரெண்டாயிரமா?” என்றார்.

“பட்டதுனாலதான் மாப்ள மறுபடியும்” என்றார் இவர்.

போன வருடம் நடந்தது இதுதான். கார்த்திகையில் நாலு நாள் விடாத தூறல், மேகமூட்டம். ஐந்தாம் நாள் ரோகு மீன்களின் விலாவில் சிவப்புத் திட்டு தெரிந்தது. இரண்டு மீன்களுக்குச் செதில் சிலிர்த்து, வயிறு உப்பியிருந்தது. அடுத்த நாள் பத்துப் பதினைந்து மீன்கள் செத்து மிதந்தன. கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ‘மூலிகை’ என்று அட்டையில் இருந்தது, என்ன மூலிகை, எவ்வளவு என்று இல்லை. அதை ஊற்றியும் நிற்கவில்லை. அம்மை போட்டால் வேப்பிலை, புண் வந்தால் வேப்பிலை என்று வளர்ந்தவர் அவர். இரண்டு பேரல் நிறைய வேப்பிலையை அவித்து, சாயங்காலம் குளத்தில் ஊற்றினார். மறுநாள் விடியலில் மீன்கள் கூடை கூடையாக மிதந்தன. அதுவரை நோய் தெரியாத கட்லாவும் அதில் இருந்தது.

“பச்சிலைதான, என்ன செஞ்சுரப்போகுதுன்னு ஊத்திட்டேன்” என்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் தவறு இருக்கிறது. இவரிடம் மட்டும் அல்ல, மீன் வளர்ப்பவர்கள் பலரிடமும் இருக்கிறது. இவரே குஞ்சு விடும் முன் குளத்தில் கிடந்த விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாவற்றையும் ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போட்டவர். ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,000 முதல் 2,500 கிலோ என்பது கணக்கு. 50 சென்ட் குளத்துக்கு 400 கிலோவுக்கு மேல். இலுப்பையும் மரம்தான், பிண்ணாக்கும் இயற்கைதான். அதில் இருக்கும் சப்போனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கொல்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து வீரியம் போன பிறகே புதுக் குஞ்சு விடுகிறோம். செடியிலிருந்து வந்தது மீனுக்குக் கெடுதல் செய்யாது என்றால், இலுப்பைப் பிண்ணாக்கு எப்படி வேலை செய்கிறது?

வேப்பிலை விஷயத்தில் இரண்டு அடி விழுந்திருக்கிறது. மேகமூட்டமான நாட்களில் குளத்துப் பாசி சரியாக ஆக்சிஜன் தயாரிக்காது. விடியலில் அளவு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். அதில் இரண்டு பேரல் இலைச்சாறு சேர்ந்து மக்கத் தொடங்கினால், இருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் அது தின்றுவிடும். இன்னொன்று, வேம்பின் கசப்புப் பொருள்கள் அளவு மீறினால் மீனின் செவுளையே தாக்கும். பூச்சியைக் கொல்வதற்காக நாம் தெளிக்கும் அதே பொருள், தண்ணீரில் மூச்சு விடும் பிராணியை மட்டும் விட்டுவைக்காது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003-ல் நோய் தாக்கிய சாதாக் கெண்டையில் வேப்பிலைச் சாற்றைச் சோதித்து, இரத்த அளவுகள் தேறியதை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே மீனை அளவான சாற்றில் சிறிது நேரம் முக்கியெடுத்துவிட்டு, நல்ல தண்ணீருக்கு மாற்றினார்கள். குளம் முழுவதையும் சாறாக்கவில்லை. தொட்டியில் உள்ள சில மீன்களுக்கு அது முடியும். ஆயிரம் மீன் உள்ள குளத்தில் யார் தினமும் பிடித்து முக்குவது?

அப்படியானால் மூலிகைக்கு மீன் வளர்ப்பில் இடமே இல்லையா? இருக்கிறது. அதற்கு, இந்தக் குளத்துக்கு வரும் ஆற்று நீரின் வழியிலேயே கீழே இறங்கி, மதுரைக்குப் போக வேண்டும்.

கோரிப்பாளையத்தில், வைகையின் வடகரைப் பக்கம் இருக்கிறது அமெரிக்கன் கல்லூரி. 1881-ல் தொடங்கிய கல்லூரி. அதன் விலங்கியல் துறையில் மீன் நோய் எதிர்ப்பியலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் நடத்தினார் பேராசிரியர் ஆர். தினகரன் மைக்கேல். அவரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் கையில் எடுத்த செடிகளின் பட்டியலைப் பார்த்தால், ஏதோ பாட்டி வைத்தியக் குறிப்பேடு போல இருக்கும். துளசி, வேம்பு, சீந்தில், தூதுவளை, கரிசலாங்கண்ணி, பவளமல்லி. சோதனைக்கு எடுத்த மீன் ஜிலேபி. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஊர்க் குளமெல்லாம் நிறைந்து, கெண்டை வளர்ப்பவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டும் அதே மீன். ஆய்வகத்துக்கு அது வசதி; எங்கும் கிடைக்கும், எதையும் தாங்கும்.

சோதிக்க எடுத்த கிருமி ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா. இதைப் புதுக் கிருமி என்று நினைக்க வேண்டாம். நன்னீர்க் குளங்களில் எப்போதும் இருப்பது. மீன் திடமாக இருக்கும் வரை ஒன்றும் செய்யாது. ஆக்சிஜன் குறைந்தால், நெரிசல் கூடினால், வலை இழுத்துச் செதில் உரிந்தால், குளிர் இறங்கினால், உள்ளே நுழைந்துவிடும். சிவப்புத் திட்டு, செதில் சிலிர்ப்பு, வயிற்று வீக்கம், துடுப்பு அரிப்பு எல்லாம் இது தாக்கும்போது தெரியும் அடையாளங்கள். உத்தமபாளையம் குளத்தில் தெரிந்தவையும் இவைதான். ஆய்வகத்தில் பார்க்காமல் கிருமியை உறுதி செய்ய முடியாது என்பது வேறு விஷயம்.

துளசி பற்றிய முடிவை 2000-ம் ஆண்டு வெளியிட்டார்கள். இலைச் சாறு கொடுத்த மீன்களில் எதிர்ப்பொருள் கூடியது, கிருமியைத் தாங்கும் சக்தியும் கூடியது. 2007-ல் வந்த இரண்டு ஆய்வுகள் விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமானவை. ஒன்று தூதுவளை, இன்னொன்று கரிசலாங்கண்ணி. இரண்டிலும் நல்ல பலன். ஆனால், தூதுவளைச் சாற்றை மீனின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். கரிசலாங்கண்ணியின் நீர்ச்சாற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், ‘தூதுவளை மீனுக்கு நல்லதாம்’ என்று இலையை அரைத்துத் தவிட்டில் போட்டால், ஊசியில் கிடைத்த பலன் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வயிற்றின் செரிமானத்தைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகும் என்பது தனிக் கேள்வி. எந்த மூலிகை ஆய்வைப் பற்றிக் கேட்டாலும், ‘ஊசியிலா, தீனியிலா?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

கரிசலாங்கண்ணியில் சாற்றின் அளவு தீவனத்தில் 0.01, 0.1, 1 சதவிகிதம் என்று மூன்று படி. ஒன்று முதல் மூன்று வாரம் வரை கொடுத்தார்கள். அதன் பிறகே கிருமியைச் செலுத்தினார்கள். வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் சாறு, பிறகு கிருமி. நோய் வந்த மீனுக்குக் கொடுத்துக் குணப்படுத்திய கதை அல்ல இது.

ஏன் அப்படி என்பதற்கு மீனின் உடம்பே பதில். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உருவாவதில்லை; சிறுநீரகத்தின் முன்பகுதியிலும் மண்ணீரலிலும் உருவாகிறது. தண்ணீரில் சதா கிருமியோடு வாழ்வதால், அதன் முதல் காவல் தோலின் வழவழப்பும், இரத்தத்தில் இருக்கும் லைசோசைம் என்ற நொதியும், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும்தான். குறிப்பிட்ட நோய்க்கென்று எதிர்ப்பொருள் உருவாக நாளாகும். அதுவும் குளிர்ந்த நீரில் இன்னும் மெதுவாகும். மூலிகைச் சாறு தட்டியெழுப்புவது பெரும்பாலும் அந்த முதல் காவலைத்தான். திருடன் வருமுன் காவல்காரனை எழுப்பினால் பலன் உண்டு. நோய் முற்றிய மீன் தீனியே எடுக்காது. தீனி எடுக்காத மீனுக்குத் தீவனத்தில் எதைக் கலந்தால் என்ன?

இந்த வகை ஆய்வுகள் உலகம் முழுவதும் பெருகியதற்குக் காரணம் ஆன்டிபயாடிக். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றிலும் நிறுத்தியது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் போன்றவை இந்தியாவிலும் மீன், இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. மாத்திரையைப் பொடித்துத் தவிட்டில் கலக்கச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் கேட்கக் கூடாது. கிருமி பழகிக்கொள்ளும், மிச்சம் மனிதர் தட்டுக்கும் வரும். மாற்றுத் தேடியவர்கள் முதலில் கைவைத்த பொருள்களில் ஒன்று பூண்டு. ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் நியா, ஆஸ்டின் என்ற இருவர், ட்ரவுட் மீன்களுக்கு ஒரு கிலோ தீவனத்தில் அதிகபட்சம் 10 கிராம் வரை பூண்டு சேர்த்து 14 நாள் கொடுத்துவிட்டு, அதே ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தினார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், பூண்டு தின்னாத மீன்களில் பெரும்பாலானவை செத்தன. போதிய பூண்டு தின்றவற்றில் சாவு வெகுவாகக் குறைந்தது.

பூண்டு என்றதும் தேனிக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து நினைவுக்கு வராது. வடுகபட்டிதான் வரும்.

வைகை அணையிலிருந்து ஜெயமங்கலம் வழியாகப் பெரியகுளம் போகும்போது வடுகபட்டி வருகிறது. ஊருக்குள் நுழையுமுன் மூக்கு சொல்லிவிடும். கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு இறங்கி விற்பனையாகும் ஊர்களில் முக்கியமானது இது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு தாரோடு கட்டி, புகையேறிய நிறத்தில் குவிந்து கிடக்கும். அதன் விலைக்கு மீனுக்குப் போட முடியாதே என்று யாரும் பதற வேண்டாம். பெரிய பல்லைத் தரம் பிரித்த பிறகு மிஞ்சும் பொடிப் பல், உடைந்த பல் போதும். பூசணம் பிடித்ததும் அழுகியதும் மட்டும் கூடாது. கழிவுதானே என்று அதை வாங்கிப் போட்டால், நோயைத் தடுக்கப் போய் விஷத்தை ஊட்டியதாகிவிடும்.

பூண்டில் ஒரு சூட்சுமம். முழுப் பல்லில் அல்லிசின் என்ற அந்தக் காரச் சத்து இல்லை. நசுக்கும்போதுதான், தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் சேர்ந்து அது உண்டாகிறது. அதை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடும். எனவே, பூண்டை அவித்துப் போடுவது வீண். தோல் நீக்கி, நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு தீவனத்தில் கலக்க வேண்டும். அன்றன்றைக்கு நசுக்கியதை அன்றே போட்டுவிட வேண்டும். அதன் வாடை மீனைத் தீவனத்தின் பக்கம் இழுக்கவும் செய்யும்.

அந்த 50 சென்ட் குளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆடியில் விட்ட 2,000 விரலிகளில் ஐப்பசியில் 1,600 மீன் மிஞ்சி, ஒவ்வொன்றும் 200 கிராம் இருந்தால், மொத்த எடை 320 கிலோ. அதில் 3 சதவிகிதம் தீவனம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் பூண்டு என்றால் தினம் 100 கிராம். 14 நாளைக்கு ஒன்று புள்ளி நான்கு கிலோ. இவ்வளவுதான் செலவு. போன வருடம் வாங்கிய பாட்டிலின் விலையைச் சொன்னபோது, அந்த விவசாயியின் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

செலவைவிட, கலக்கும் விதம்தான் சிரமம். இந்தப் பக்கத்தில் பலரும் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சமமாகக் கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வழக்கமான தீனிக்கு அது நல்ல முறை. ஆனால் சாற்றை அதில் ஊற்றினால், மீன் வாய்க்குப் போகுமுன் பாதி தண்ணீரில் கரைந்துவிடும். மரவள்ளிக்கிழங்கு மாவைக் கஞ்சி காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, நசுக்கிய பூண்டையோ இலைப்பொடியையோ அதில் கலந்து, தவிடு-பிண்ணாக்கோடு பிசைந்து கெட்டி உருண்டையாக்கித் தட்டில் வைத்து இறக்க வேண்டும். கடையில் வாங்கும் குச்சித் தீவனமாக இருந்தால், ஆறிய கஞ்சியில் கலந்து மேலே பூசி, நிழலில் அரை மணி உலர்த்தினால் போதும். வெயிலில் காயவைத்தால் சத்து போய்விடும்.

வடுகபட்டியிலிருந்து கூப்பிடு தூரம்தான் பெரியகுளம். தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர். 1989-ல் வெளியான பி.கே.எம்-1 செடிமுருங்கையில் இருக்கும் ‘பி.கே.எம்’ பெரியகுளம்தான். ஆண்டிபட்டி வட்டாரத்து மானாவாரி நிலமெல்லாம் முருங்கைக்கு மாறியதை ஊர் அறியும். காய்க்குத்தான் விலை, கவாத்து செய்த இலை பெரும்பாலும் ஆட்டுக்குப் போகிறது. காய்ந்த முருங்கை இலையில் கால் பங்குக்கு மேல் புரதம். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில், சித்துராஜு என்ற நம் ஊர் விஞ்ஞானியும் சேர்ந்து செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. நைல் திலேப்பியாவின் தீவனப் புரதத்தில் 10 சதவிகிதம் வரை முருங்கை இலையால் ஈடு செய்யலாம், வளர்ச்சி குறையாது என்றது. அதற்கு மேல் போனால் வளர்ச்சி இறங்கிவிட்டது. இலையில் உள்ள சப்போனின், டானின் போன்றவை தடுக்கின்றன. ஆக, முருங்கையும் அளவுக்குள்தான். அதை மருந்து என்று சொல்வதைவிட, பிண்ணாக்குச் செலவைக் கொஞ்சம் குறைக்கும் தீவனம் என்று சொல்வதே சரி.

பள்ளத்தாக்குக்குத் திரும்பினால், கண்ணில் படுவதெல்லாம் பச்சை. வாழை, திராட்சை, மேலே மலைச்சரிவில் ஏலம். மீனுக்குக் கொடுக்க எதையாவது பறித்துக்கொள்ளலாமே என்று கை நீளும். இங்கேதான் நிதானம் வேண்டும். திராட்சை இலையிலும் தோலிலும் நல்ல சத்துகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அடிச்சாம்பல் நோய்க்குத் திராட்சைக் கொடியில் போர்டோக் கலவை தெளிக்காத தோட்டம் எது? அதில் இருக்கும் மயில்துத்தம் செம்பு. செம்பு கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு ஆகாது. மலையிலிருந்து வரும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் இன்னும் ஆகாது. ஏலத்தில் மருந்து தெளிப்பு எத்தனை சுற்று என்பது அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் போடி, கம்பம் பெண்களைக் கேட்டால் தெரியும். ஏல வாசனைக்காக அதன் கழிவைக் குளத்துக்குக் கொண்டுவருவது புத்தியாகாது. புல்கெண்டைக்கு வாழை இலை போடுகிறவர்களும், அந்த வாழைக்குக் கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கரிசலாங்கண்ணிக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. யாரும் விதைக்காமல், ஆற்றுப் பாசன நெல்வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைப் பூவோடு தானே முளைத்து நிற்கும். களைக்கொல்லி படாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நன்றாக அலசி, நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். மதுரையில் சோதித்தது இலையிலிருந்து பிரித்தெடுத்த சாறு. வீட்டில் கிடைப்பது முழு இலைப்பொடி. பொடியில் நீரில் கரையும் பகுதி ஒரு பங்குதான். எனவே, கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பொடி சேர்த்தாலும், அங்கே சோதித்த எல்லைக்குள்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பைத் தூண்டும் பொருளை மாதக்கணக்கில் கொடுத்தால், உடம்பு பழகிப்போய்ப் பலன் மங்கும். அளவு கூடினால் எதிர்ப்பு சக்தி தணியவும் செய்யும். பூண்டு, கரிசலாங்கண்ணி, துளசி, மஞ்சள் என்று எல்லாவற்றையும் ஒரே உருண்டையில் திணிப்பதும் வேண்டாம். பலன் கிடைத்தால் எதனால் என்று தெரியாது. கெடுதல் வந்தாலும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதுரையிலும் ஸ்காட்லாந்திலும் மீன்கள் இருந்தது தொட்டியில். சுத்தமான நீர், அளந்த தீனி. சேறும் பாசியும் உள்ள குளத்தில், கட்லாவிலும் ரோகுவிலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சந்தேகம் உள்ளவர்கள் குளத்திலேயே இரண்டு வலைக்கூண்டு கட்டி, ஐம்பது ஐம்பது மீன் விட்டு, ஒன்றுக்கு மட்டும் மூலிகைத் தீவனம் கொடுத்துப் பார்க்கலாம். எடையையும் சாவையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால், அடுத்த வருடம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூலிகை கொடுத்தாயிற்று என்று தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால், எல்லாம் வீண். விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், ஆக்சிஜன் போதவில்லை. அன்று தீனியை நிறுத்தி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் குளத்தில் சிதறி விழச் செய்ய வேண்டும். ஆடிக்காற்று இருக்கும் வரை அதுவே குளத்தைக் கலக்கிவிடும், இந்தப் பள்ளத்தாக்குக்கு அது ஒரு கொடுப்பினை. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலை சுற்றுவதும் அந்தக் காற்றில்தான். ஐப்பசிக்குப் பிறகு அது நின்றுபோய், மழையும் மூட்டமுமாக இருக்கும் நாட்கள்தான் ஆபத்து. அதற்கு முன்பே கார அமிலத் தன்மையைப் பார்த்து, தேவைப்பட்டால் 50 சென்ட் குளத்துக்கு 40 முதல் 50 கிலோ வரை சுண்ணாம்பு கரைத்து ஊற்றலாம். மீறி நோய் வந்தால், செத்த மீனை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, சாகும் நிலையில் உள்ள மீன் இரண்டைப் பிடித்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போவதுதான் வழி. செத்து அழுகிய மீனைக் கொண்டுபோனால், எது நோய்க்கிருமி, எது அழுகல் கிருமி என்று யாராலும் பிரிக்க முடியாது.

உத்தமபாளையத்துக்காரர் கணக்கு இப்போதே தயார். புரட்டாசி கடைசியில் வடுகபட்டிக்குப் போய் இரண்டு கிலோ பொடிப் பூண்டு. ஐப்பசி பிறந்ததும் 14 நாள். போன வருடம் 2,500 விட்ட குளத்தில் இந்த வருடம் 2,000 மட்டும். ஹெக்டேருக்கு 10,000 என்ற அளவுக்கு வந்துவிட்டார். பூண்டைவிட அந்த 500 குறைத்ததே பெரிய மருந்தாக இருக்கலாம்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதுகில் தெளிப்பானோடு வந்தார். களை வரப்பு முழுக்க மண்டிவிட்டதாம்.

“உங்க பக்கமும் சேத்து அடிச்சு விட்றவா மாமா?”

இவர் வரப்பில் இறங்கி, குளத்தை ஒட்டி வெள்ளைப் பூப் பூத்து நின்ற பகுதியைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார்.

“இதுக்கு அந்தப் பக்கம் அடிச்சுக்க மாப்ள. காத்து ஓஞ்ச பெறகு அடி.”

“இந்தக் களைய வச்சு என்ன செய்யப் போறீக?”

“பூண்டு ஒரு கூண்டுக்கு, இது ஒரு கூண்டுக்கு. கார்த்திகைல வா, எண்ணிக் காட்றேன்.”